இடதுகைக் கையுறை

விர்ப்பியின் நிலவறைக் கூண்டில்
குத்துச்சண்டைக் கையுறை, இடதுகை மட்டும்.
மூன்றே வாரம் சறுக்கிய பனிக்கட்டைகள்.
உறை பிரிக்காத யோகா விரிப்பு,
அதன்மேல் யாருடையதோ துடுப்பு.

“எதிலும் நிலைக்க மாட்டாயா?” என்கிறான்
மாடிவீட்டு ஓஸ்மோ,
பதினாறு வருடமாக ஒரே ஏரியை
ஒரே திசையில் சுற்றி ஓடுகிறவன்.

அவள் தாம்பெரேயில் டிராம் ஓட்டுகிறாள்.
தண்டவாளம் விட்டு விலகாமல்
நாளுக்கு எட்டு மணிநேரம்.
போதாதா?

நேற்று, உறைந்த ஏரியில் வெட்டிய துளைக்குள்
கழுத்துவரை இறங்கினாள்.
பற்கள் தந்தியடிக்க
கெட்ட வார்த்தையொன்று
ஆவியாய் எழுந்து கலைந்தது.
பிடித்திருந்ததா?
தெரியவில்லை. காது மட்டும்
வெகுநேரம் சூடாக இருந்தது.

வியாழக்கிழமை டாங்கோ வகுப்பாம்.
காலணி இரவல்,
அரை அளவு பெரிது.