எடைமேடை

நுழைவு இருபத்தைந்து வெள்ளி.
மூத்த குடிமக்களுக்குப் பதினைந்து.
நான் இருபத்தைந்தே கொடுத்தேன்.

வழிகாட்டிப் பையன் பெயர் கேட்டான்.
எழிலரசி என்றேன்.
ஒட்டுத்தாளில் எலில் என்று எழுதித்
தோளருகே ஒட்டிவிட்டு
நல்ல பெயர் என்றான்.
ழகரம் அவனுக்கு வராது. அதனாலென்ன,
என் மகனுக்கும் வராது.

பதினோரு பேர்.
ஆளுக்கொரு மஞ்சள் தலைக்கவசம்.
நெதர்லாந்திலிருந்து ஒரு ஜோடி,
ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம்;
அவர்களுடைய குட்டிப்பெண் கவசத்தைக் கவிழ்த்து
அதில் கச்சான் கொட்டித் தின்றுகொண்டு வந்தாள்.

"இங்கேதான் ஈயம் உருகியது.
இந்த மூலையிலிருந்து எடுத்தால் படம் அழகாக வரும்."
உண்மைதான்.
உலை வாயில் ஓர் ஆலங்கன்று.
தகரக் கூரையில் ஆணி கழன்ற துளைகள் வழியே
பினாங்கு வெயில் சில்லறையாக இறங்குகிறது.
துருவுக்கு இத்தனை நிறம் உண்டென்று
சம்பளம் வாங்கிய காலத்தில் எனக்குத் தெரியாது.
பன்னிரண்டு வருடம் இந்த வாசலில் கையெழுத்துப் போட்டும்
உலைக்கூடத்துக்குள் கால் வைப்பது இன்றுதான்.
அலுவலகக் கட்டடத்தைப் பெண்கள் தாண்டக் கூடாது.
சூடு எங்களிடம் வந்தது
வருகைத் தாள்களில் படிந்த
வியர்வைப் பெருவிரல்களாக.

அடுத்து அந்த அலுவலகம்.
பையன் குரலைத் தாழ்த்துகிறான்:
ஒரு வெள்ளிக்கிழமை. ஒரே நாளில்
இருநூறு வேலை நீக்கக் கடிதங்கள்.
இருநூற்றுப் பதினான்கு என்று சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டேன்.
அத்தனையும் தட்டச்சு செய்தது நான்.
வருந்துகிறோம் என்ற சொல்லை
இருநூற்றுப் பதினான்கு முறை அடித்தால்
அது வீட்டுக்குப் போகும் வழியின் திருப்பம் மாதிரி.
விரல் தானாக வளைந்துவிடும்.

திங்கட்கிழமை ஒருவர் வந்தார்.
உலைப் பிரிவு மருதை.
சண்டைக்குத்தான் என்று
நான் காவலாளியைத் தேடினேன்.
நான்காக மடித்த கடிதத்தை
மேசையில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தி,
"அப்பா பேர்ல ஒரு எழுத்து குறையுதும்மா" என்றார்.
சடையாண்டி.
நடுவில் ஓர் எழுத்தை நான் தின்றிருந்தேன்.
"சேமநிதி ஆபிஸ்ல ஒத்துக்க மாட்டாங்க.
அதோட, அவரு பேராச்சே."

புதுத்தாள் செருகி
முழுக் கடிதத்தையும் மறுபடி அடித்தேன்.
நாற்காலி இருந்தது. அவர் உட்காரவில்லை.
வருந்துகிறோம் வந்த இடத்தில்
விரல் முதல்முறையாகத் தடுக்கியது.
வாங்கி, எழுத்தெழுத்தாகப் பார்த்து,
சரியா இருக்கு என்றார்.
நன்றியும் சொன்னார்.
அந்த நன்றியை எந்தக் கோப்பில் போடுவதென்று
மதியம் வரை தெரியவில்லை.
பிறகு சாப்பிடப் போனோம்.

கடைசியாக எடைமேடை.
லாரிகளை நிறுத்தது.
எல்லாரும் ஏறுங்கள் என்றான் பையன்.
அவனும் ஏறினான்.
முள் அசையவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, குதித்தோம்.
நெதர்லாந்துக்காரர் ஆறரை அடி.
முள் மயிரிழை நடுங்கியது,
அல்லது கண்ணாடிக்குள் இருந்த பல்லி.
எல்லாரும் கைதட்டினார்கள்.
குட்டிப்பெண் இறங்க மாட்டேன் என்றாள்.
லாகி, லாகி என்று தனியாகக் குதித்தாள்,
அத்தனை டன் இரும்பின் மேல்
கச்சான் சிதற.

வெளியே போகும் வழி ஒரு கடைக்குள் போகிறது.
ஈயக்கட்டி வடிவில் சோப்பு, பதினெட்டு வெள்ளி,
செராய் வாசனை.
ஒன்று வாங்கினேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.

ஃபெரியில் காற்று
ஒட்டுத்தாளின் ஒரு மூலையைக் கிளப்பியது.
பையில் பேனா இருந்தது.
எடுத்தேன். மூடியைத் திறக்கவில்லை.

பட்டர்வொர்த்தில் வண்டியோடு நின்றிருந்தான் மகன்.
என் தோளைப் பார்த்தான்.
பேர தப்பா எழுதிட்டான் பாரு என்றேன்.
வாய்விட்டுப் படித்துப் பார்த்தான், இரண்டு முறை.
"சரியாத்தானேம்மா இருக்கு" என்றான்.