வேர்க்காத கோடுகள்

நோயாளி எண் பதினேழு. ஆண். வயது ஒன்பது.
வாயில் தெரியும் பற்கள் நான்கு.
எக்ஸ்ரேயிலும் இல்லாதவை இருபத்திரண்டு.
முப்பது பேராவது வேண்டும் என்கிறார் என் வழிகாட்டி.
மூன்று மாவட்டம் அலைந்து கிடைத்தது இவனோடு பதினேழு.

எழுதிவிட்டு நிமிர்ந்தால்
நம்புகுமார் நாற்காலியில் இல்லை.
சுகாதார நிலையத்தின் பின்னால்
குழாயடியில் தலையைக் கொடுத்து நிற்கிறான்,
சட்டையோடு.
"அவனுக்கு வேர்க்காது டாக்டரம்மா,
அப்பப்ப நனைச்சுக்கிரணும்" என்கிறாள் முத்திருளாயி.
சித்திரை. பாம்பனில்
காற்றுக்கே வேர்க்கிற மாதம்.

மேலே இரண்டு பல், கூம்பாக, கூராக.
பள்ளிக்கூடத்தில் சுறா என்று பேர்.
சுறாவுக்கு வரிசை வரிசையாக முளைக்கும்,
விழ விழ முளைக்கும்
என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
"தெரியும்" என்றான் அவனே. "ஏலத்துல பாத்திருக்கேன்.
பேரு வச்சவனுக்குத்தான் தெரியாது."

என்ன சாப்பிடுவான் என்று படிவம் கேட்கிறது.
கஞ்சி, பிசைந்த மீன்.
நண்டுக்காலை மட்டும் கல்லில் தட்டி
உறிஞ்சிக்கொள்வானாம், யாருக்கும் தராமல்.

தாடைப் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.
ஒன்பது வயதில் அங்கே கூட்டம் நெரியவேண்டும்:
விழப்போகும் பால்பற்கள், அவற்றின் அடியில்
முறைக்குக் காத்திருக்கும் மொட்டுகள்.
இங்கே எலும்பு மட்டும், மெல்லிசாக,
எதற்கும் காத்திராமல்.

அம்மாவையும் பார்க்கச் சொல்கிறது ஆய்வுநெறி.
அவளுக்கு முன்பல் ஒன்று குச்சிபோல.
பாசிக்கு முங்கும்போது
சாக்கின் கயிற்றைக் கடித்துக் கடித்துத் தேய்ந்தது என்றாள்.
தேயவில்லை. முளைத்ததே அப்படித்தான்.

கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி
முதுகில் அயோடின் பூசினேன். காய்ந்தது.
விளக்கெண்ணெயில் குழைத்த மாவைத் தடவினேன்.
"அடை தட்டவா போறீக?"
இருவரும் சிரித்துவிட்டுக் காத்திருந்தோம்.
தூரத்தில் பாலத்துக்காக ரயில் மெதுவானது.

வேர்வை பட்ட இடம் கறுக்கும்.
கறுத்தது. எல்லா இடத்திலும் இல்லை.
தண்டுவடத்திலிருந்து இரு பக்கமும் சரிந்து
ஒரு கோடு கறுப்பு, ஒரு கோடு ஒன்றுமில்லை,
கறுப்பு, ஒன்றுமில்லை.

போனில் படமெடுத்துக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"கடல் வத்துனா மணல் இப்பிடித்தான் கெடக்கும்" என்றாள்.
பிறகு, "அப்ப என்கிட்டருந்துதான்."

இது யார் குற்றமும் இல்லை என்று தொடங்கும் வாக்கியத்தை
மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே
மூன்று விதமாகச் செய்துவைத்திருந்தேன்.
அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.
"கிரகணத்தன்னைக்கு மீன் அறுத்தேன்னு
ஒம்பது வருசமாச் சொல்றாக எங்க மாமியா.
கிரகணமாவே இருக்கட்டும் டாக்டரம்மா.
அது போயிருச்சு. நான் இருக்கேன்ல."

குடும்ப வரலாறு: தாய்வழி.
எழுதிவிட்டு ஏனோ காகிதத்தைக் கவிழ்த்துவைத்தேன்,
அறையில் எங்களைத் தவிர
யாரும் இல்லாதபோதும்.

ஆடியில் பல்செட் வந்தது.
கெட்டியானதைக் கடிக்காதே என்றேன்.
மீன் கம்பெனி வாசலில் சிதறிக் கிடந்த ஐஸ்கட்டியை
எடுத்து அவன் கடித்த சத்தம்
ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

தாடை வளரும். ஒரு வருசத்துக்குள் இந்த செட் பத்தாது.
என் ஆய்வு மார்ச்சில் முடிகிறது.
"அதுக்கப்பறம் யார்கிட்ட வரணும்?"
கல்லூரியின் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
அதை யாரும் எடுப்பதில்லை என்பது நினைவு வர,
கீழே என் எண்ணையும் எழுதினேன்.
இரண்டையும் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

வெயில் ஏறிவிட்டது.
நம்புகுமார் ஓடிவந்து பற்களைக் கழற்றி
அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு
கழுத்தளவு கடலில் போய் நின்றான்.
அவள் கையை மூடிக்கொண்டாள்.
நெற்றியில் ஒரு பக்கம் மட்டும்
வேர்த்திருந்தது அவளுக்கு.