எழுதுவினைஞர், ஆறு பேர்

ஏறாவூர்க் கொட்டகையில்
ரயில் பெட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்துதான் வேலை.
காப்புறுதிப் படிவத்தில் நான் அவர்களை
எழுப்பிக் கதிரையில் இருத்தினேன்.

வெல்டர் என்றால்
சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு ஏழு ரூபாய்.
எழுதுவினைஞர் என்றால் நாற்பது சதம்.
"இந்த டெண்டரில மிஞ்சுறதே அவ்வளவுதான் புள்ள"
கல்குலேட்டரை என் பக்கம் திருப்பினார் முதலாளி.
எனக்கும் அந்த மிச்சத்தில்தான் சம்பளம்.

பேரின்பம், எழுதுவினைஞர்.
றம்ஸீன், எழுதுவினைஞர்.
கண்ணில் இரும்புத்தூள் விழுந்து
வாசிக்க ஒண்ணாத மயில்வாகனம்,
அவரும்.

புதன்கிழமை.
உதயதேவி கூவிப் போய்க் கொஞ்ச நேரம்.
ஜேக் வழுக்கியது.
பேரின்பத்தின் வலக்கையில் மூன்று விரல்.

கம்பனியிலிருந்து வந்தவர் கொட்டகையை ஒருதரம் சுற்றினார்.
பலகையால் செருப்பைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்:
"எழுதுவினைஞருக்குப் பெட்டிக்கு அடியில என்ன அலுவல்?"

முதலாளி என்னைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
"பேனை விழுந்திட்டு. எடுக்கப் போனவர்."

அதையும் எழுதிக்கொண்டார் அவர்.

மட்டக்களப்பு ஆசுபத்திரிக்கு நான்தான் படிவம் கொண்டுபோனேன்.
கையெழுத்து முடியாவிட்டால் பெருவிரல் காணுமாம்.
பெருவிரல் இருந்தது.
மை உலரும் வரை கையை அந்தரத்தில் பிடித்தபடி
"மறுகா, காசு வருமா அக்கா?" என்றான்.
ஆனி மாதம் கேட்டது.
இப்போது மார்கழி, கொட்டகைக்குள் வெள்ளம்.

புது வருசப் படிவம் மேசையில்.
இந்த முறை ஐந்து பேர்.
தொழில் என்ற கட்டத்துக்கு வந்தபோது
பேனை உருண்டு கீழே விழுந்தது.

நான் குனியவில்லை.