ஆலிலை

பொதட்டூர்பேட்டையில் கரண்ட் இருக்கும்வரை
எல்லாத் தெருவும் ஒரே பேச்சுத்தான் பேசும்:
தடக்தடக், தடக்தடக்.
அதற்கு மேலே குரலை ஏற்றி
'அ' என்று கத்திப் பழகியவள் நான்.
திடீரென்று கரண்ட் போனால்
என் கத்தல் மட்டும் அறை நடுவே தனியாக நிற்கும்.
பிள்ளைகள் சிரிப்பார்கள்.

துணிக்கடை எறிந்த சேலைப்பெட்டி அட்டை,
தறிக்கூடத்தில் கூட்டித் தள்ளிய கழிவு நூல்,
தேசம்மா கிண்டிய மைதாப் பசை.
பொம்மைப்பெட்டி மார்ச்சில் வருமாம்.
எந்த மார்ச் என்று சொல்லவில்லை.

பென்சில் கோடு நான் போட்டது.
கோட்டின் மேலேயே நூலை ஒட்டிக்கொண்டு போக வேண்டும்.
ஜஸ்வந்த்தின் 'இ' சுழியில் திரும்பத் தெரியாமல்
அட்டையைத் தாண்டித் தரைக்குப் போனது,
தரையிலிருந்து பக்கத்துப் பிள்ளையின் பாவாடைக்கு.
பவித்ராஸ்ரீ பசையைத் தின்றாள்.
உப்பு போதவில்லை என்றாள்.

எழுத்து ஒட்டியதும் பக்கத்தில் ஒரு பொருள்.
'இ'க்கு இலை.
வாசல் பூவரசில் ஆளுக்கொன்று பறித்துத் தந்தேன்.
மௌனிகா மட்டும் தன் இலையோடு எழுந்து
போன வாரத்து 'ஆ'விடம் போனாள்.

"அங்கே இல்லடி, இங்கே."
அவள் பார்த்த பார்வையில்
எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்றிருந்தது.
"ஆக்கு" என்றாள், பொறுமையாக. "ஆ... க்கு."
பிறகு 'இ'க்குப் பக்கத்தில்
காலித் தீப்பெட்டி ஒன்றை வைத்து அழுத்தினாள்.
"இல்லு."

இல் என்றால் வீடு.
பத்தாம் வகுப்பில் ஒரு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன்.
அந்த வீட்டில் ஆள் இருப்பது
அப்போது யாரும் சொல்லவில்லை.

சோற்று நேரத்துக்குள்
யானை 'யா'வைக் காலிசெய்து 'ஏ'க்குக் குடிபோனது, ஏனுகு.
முதலில் அங்கே இருந்த ஏணி
போக இடமில்லாமல் சுவரில் சாய்ந்தது.
எலி மட்டும் அசையவில்லை.
எலுகவுக்கும் அதற்கும் ஒரே வளை.

சூப்பர்வைசர் புஷ்கலா மேடம் சொல்லாமல் வந்தார்.
அட்டையை வெளிச்சத்தில் பிடித்து,
"'ஆ'வுக்கு என்ன இலை இது?"
பிய்த்தால் நூலும் சேர்ந்து வரும்,
பசை இறுகத் தொடங்கியிருந்தது.
"ஆலிலை, மேடம்."
பூவரசு தெரியாதவர் இல்லை அவர்,
அதன் நிழலில்தான் ஸ்கூட்டியை விட்டிருந்தார்.
இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பதிவேட்டைக் கேட்டார்.
'செய்முறைப் பயிற்சி நன்று.' பச்சை மை.
என் முழங்காலுக்குப் பக்கத்தில்
மௌனிகா ஒரு புது மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தாள்:
ஆலில, ஆலில, ஆலில.

நன்றாகக் காயட்டும் என்று
அட்டைகளை வாசற்படியில் பரப்பிவிட்டு
சத்துமாவுப் பொட்டலம் எண்ண உள்ளே போனேன்.
கரண்ட் போயிருந்தது. அதனால் தெளிவாகக் கேட்டது:
"மேக்க! மேக்க!"

யார் வீட்டு ஆடோ.
இலையை முடித்துவிட்டு நூலுக்கு வந்திருந்தது.
மைதா ருசி அதற்கும் தெரிந்திருக்கிறது.
"ஆடு, ஆடு" என்று கத்திக்கொண்டே நான் துரத்த,
"மேக்க, மேக்க" என்று அவள் எனக்குப் பின்னால் ஓடிவர,
டீக்கடைவரை போனோம்.
இரண்டு பேருக்கும் அது நிற்கவில்லை.

வழியில் விழுந்த அட்டையில் 'ஆ'வின் வாலைக் காணோம்.
கீழே வளைந்திருந்த நீலநூல் முழுசும் போய்விட்டது.
மிச்சம், பல் பட்ட ஒரு 'அ'.
அழுவாள் என்று நினைத்தேன்.
இரண்டாக மடித்துக் கவுனுக்குள் செருகிக்கொண்டாள்.

மூன்றரைக்கு,
முடியெல்லாம் பஞ்சுத்தூசியோடு
தறியை விட்டு ஓடிவந்த ஒருத்தியை
கேட்டருகே கண்டதும்
மௌனிகா போட்ட கூச்சல்,
திரும்ப ஓடத் தொடங்கிய அத்தனை தறிக்கும் மேலே போனது.
எந்த மொழி என்று கேட்டு
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தேசம்மா பசைச்சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டாள்.
நாளைக்கு 'ஈ'.
ஒட்டுவதற்கு நாங்கள் எதையும் தேட வேண்டாம்,
சட்டிமேலேயே வந்து உட்கார்ந்திருந்தது.