கட்டைவிரலின் எடை

திங்கட்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் டிவி ஓடாது.
சலோமி பாயை விரிப்பாள்.
சிப்காட் காற்று இந்தப் பக்கம் திரும்பியிருந்தால்
ஜன்னலைச் சாத்திவிட்டு ஜெபம்.
பிறகு பாட்டு, பாடம், பொரி உருண்டை.

அன்றைக்குப் பாடம் என் முறை.
கள்ளத்தராசைப் பற்றிப் பேசினேன்.
நன்றாகத்தான் பேசினேன்.
முள் எங்கே நிற்கிறதென்று
தேவன் குனிந்து பார்க்கிறார் என்றுகூடச் சொன்னேன்.

பொரி உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்
ஒன்பது வயது யூனிகே:
"மூட்டைக்கு அடியில
உங்க கால் கட்டைவிரல் இருக்குமேப்பா,
அது எத்தனை கிலோ?"

சலோமி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாள்,
தேடும் பாட்டு அதில் இல்லவே இல்லை என்பதுபோல.

முதுநகரில் பழைய இரும்புக் கடை எனக்கு.
தகரம், அட்டை, பாட்டில், செத்த மின்விசிறி.
விற்க வருகிறவர்களுக்கு முள்ளைக் காட்டுவேன்.
காலைக் காட்டமாட்டேன்.
மூட்டையின் ஓரத்தை விரல் லேசாக ஏந்தும்,
தூங்கும் பிள்ளையின் தலையை ஏந்துவதுபோல.
மூன்று கிலோ. சில நாள் நான்கு.

இத்தனைக்கும் நான்
பக்கத்துக் கடைக்காரர் நீட்டும் டீயை
பதினோரு வருஷமாக வேண்டாம் என்பவன்.
வருமானத்தில் பத்தில் ஒன்றை
உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பவன்.
அந்த மூன்று கிலோவிலும் பத்தில் ஒன்று
தவறாமல் கொடுத்திருக்கிறேன்.

கோயிலுக்குப் போகச் சேர்த்துக்கொண்டிருந்தோம்.
எங்கள் கோயில் கடலுக்கு அந்தப் பக்கம்.
மூன்று பாஸ்போர்ட்டும் வந்துவிட்டன.
வெள்ளை உடுப்பு தைத்து, அந்துருண்டை போட்டு,
பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது.
அங்கே மூவரையும் ஒரே முத்திரையில் கட்டுவார்கள்,
சாவு வந்து இழுத்தாலும் அவிழாது.
அதற்கு முன் இங்கே ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
சில கேள்விகள்.
உன்னோடு கொடுத்து வாங்குகிறவர்களிடம்
நேர்மையாக இருக்கிறாயா என்பது அதில் ஒன்று.
முன்கூட்டியே தெரிந்த வினாத்தாள்.
ஒற்றைச் சொல்லில் பதில்.

அன்றிரவு பழைய நோட்டை எடுத்தேன்.
அஞ்சலாட்சி மட்டும்:
வாரம் இரண்டு மூட்டை, ஆறு வருஷம்,
மூட்டைக்கு மூன்று கிலோ, கிலோ எட்டு ரூபாய்.
பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு.
மற்றவர்கள் பெயர் எழுத நோட்டில் இடம் இருந்தது.
விடிந்துவிட்டது.

உப்பனாற்றுப் பாலத்தருகே மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.
சொல்ல வேண்டியதைச் சொல்லி நீட்டினேன்.
எச்சில் தொட்டு எண்ணினாள். சிரித்தாள்.
"உன் காலு ஆடறது எனக்குத் தெரியாதாய்யா?
அதுக்குத்தான அட்டையைத் தண்ணியில முக்குனது.
பாட்டிலுக்குள்ள மண்ணு போட்டது."
நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை உருவி
என் சட்டைப் பையில் செருகினாள்.
"இது மண்ணுக்கு."

அது சரியான கணக்குதானா?
அவளிடம் நோட்டு இல்லை.
என்னிடம் இருந்தும் என்ன.

விவரம் கேட்டபின் சலோமி ஒன்றும் பேசவில்லை.
பீரோவைத் திறந்து
யூனிகேயின் வெள்ளைப் பாவாடையை எடுத்து
கீழ்மடிப்பைப் பிரித்து
இரண்டு விரற்கடை நீளம் விட்டாள்.
அடுத்த வருஷத்துக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை, வாடகை மாடியில்,
கிளைத் தலைவர் தீமோத்தேயு
(மற்ற நாளில் மின்வாரியத்தில் பில் வாங்குகிறவர்)
ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தார்.
அந்தக் கேள்வி வந்தது.
"போன வியாழக்கிழமையிலிருந்து" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.
பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.
கீழே ஐஸ் லாரி ஒன்று பின்வாங்கி
நெடுநேரம் கத்திக்கொண்டிருந்தது.

இன்று காலை அஞ்சலாட்சி வந்தாள்.
அட்டை சருகாய்க் காய்ந்திருந்தது.
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
இரண்டு காலையும் ஓர் அடி தள்ளி வைத்து நின்றேன்.
முள் ஆடியது. நின்றது.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
பதினேழரை.

"பதினெட்டாப் போட்டுக்கோய்யா" என்றாள்.