இரைச்சல் குடியிருக்கும் வீடு

மொந்தேவிதேயோவில், ட்ரிஸ்தான் நார்வாஹா ஞாயிற்றுச் சந்தையில்
பழைய குழாய்களும் பூட்டில்லாத சாவிகளும் விற்பவனிடம் வாங்கினேன்.
இரண்டு கேசட் வாய்; ஒன்றுக்கு மூடி இல்லை.
"பாடுமா?"
"பேட்டரி போட்டால் எதுவும் பாடும், அம்மணி."
எட்டு பேட்டரி, தடித்தது.
பெட்டியைவிட அதுதான் விலை.

பாடவில்லை. பொரித்தது.
காய்ந்த எண்ணெயில் மீன் விழுந்த சத்தம்,
அதற்குள் எங்கோ
ஒரு வர்ணனையாளன் மூச்சுவிடாமல் கத்துகிறான்,
யார் யாருக்குப் பந்தைத் தள்ளினார்கள் என்பது தவிர
எல்லாம் கேட்கிறது.

செவ்வாய் எனக்கு விடுமுறை.
பேருந்தில் டிக்கெட் கிழிக்கும் கை
திருப்புளி பிடித்தது.
ஆறு திருகில் ஐந்து வந்தன. ஆறாவது தலை மழுங்கியது.
ரப்பர் பட்டையை மேலே வைத்து அழுத்தித் திருப்பினேன்,
முனகிக்கொண்டே வந்தது.
உள்ளே முப்பது வருடத் தூசி,
ஒரு கரப்பான் இறக்கை,
எவளோ தொலைத்த தோட்டின் சுரை.

ஆன்டெனா அடியில் கம்பி அறுந்திருந்தது.
பற்றவைத்தேன். முதல் தடவை சாம்பல் பூத்தது,
இரண்டாம் தடவை மின்னியது.
அலைவரிசை சுவிட்சுக்குள் பச்சைக் களிம்பு:
ஸ்பிரே அடித்து முன்னும் பின்னும் தள்ளினேன்,
நாற்பது தடவை இருக்கும், பெருவிரல் சிவந்தது.

எஃப்எம் கண்ணாடியாகிவிட்டது.
எனக்கு அது எதற்கு?
ஆட்டம் மீடியம் வேவில்.

மீடியம் வேவுக்கு அந்த நீட்டுக் கம்பி வெறும் அலங்காரம்.
உள்ளே படுத்திருக்கிற கறுப்புத் தண்டுதான் காது,
அந்தக் காதுக்குத் திசை உண்டு.
பெட்டியையே திருப்பினேன்:
முன்னாள் கணவன் விட்டுப்போன அலமாரியைப் பார்த்து,
சமையலறையைப் பார்த்து, ஆற்றைப் பார்த்து.
ஆறு கொஞ்சம் தேவலை.
ஆனால் இரைச்சல்
மாலை ஏழுக்கு வந்தது, காலை ஏழுக்குப் போனது,
இரவு வேலைக்காரன்போல, ஒரு நாள் லீவு இல்லாமல்.

நோய் பெட்டியில் இல்லை.

புதன்கிழமை எட்டு மணிக்கு
பெட்டியைத் தோளில் தூக்கிப் படியிறங்கினேன்.
ஐந்தாம் மாடியில் சீறியது. நான்காவதில் குரைத்தது.
மூன்றாவதில், வாஷிங்டன் பெருத்தியின் கதவுக்கு நேரே,
வர்ணனையாளன் முழுதாய்ச் செத்தான்.

தண்ணீர் பில் தகராறில்
இரண்டு வருடமாய் நானும் அவனும் பேசுவதில்லை.
கதவு ஒரு சாண் திறந்தது. ஊதா வெளிச்சம் என் காலில் கொட்டியது.
நான் வாய் திறக்குமுன் ஒரு காகிதத்தை நீட்டினான்:
"ஆறு செடிதான். அரசாங்கத்தில் பதிவு பண்ணியிருக்கு.
நாற்றம்னு சொல்லாதீங்க, விசிறி வச்சிருக்கேன்."

நாற்றத்துக்கு யார் வந்தார்கள்?
பெட்டியை உயர்த்திக் காட்டினேன்.
"உங்கள் கஞ்சா என் கோலைத் தின்கிறது."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டு நின்றோம்.
விளக்கை அணைத்தால் பூக்காதாம்.
பன்னிரண்டு மணி வெளிச்சம், பன்னிரண்டு மணி இருட்டு,
ஐந்து நிமிடம் பிசகினாலும் செடி கோபித்துக்கொள்ளுமாம்.
இப்படிப்பட்ட ஒருவனோடுதான் நான் குடும்பம் நடத்தினேன்.

செத்த மானிட்டரின் கேபிளில் ஒரு கறுப்பு வளையம் இருந்தது.
அதை அறுத்தெடுத்து, விளக்கின் வயரை
அதற்குள் ஏழு சுற்று சுற்றிக் கொடுத்தேன்.
எட்டாவது சுற்றுக்கு இடமில்லை.
இரைச்சல் போகவில்லை, தூரமாய்ப் போய் உட்கார்ந்தது,
அடுத்த தெருவில் பெய்யும் மழைபோல.
அவன் எனக்கு மாத்தே ஊற்றினான். கசப்பு.
தண்ணீர் பில் பற்றி யாரும் பேசவில்லை.

சனிக்கிழமை இரவு
ஆற்றைப் பார்த்த ஜன்னலில் பெட்டி, பக்கத்தில் நான்.
மூன்று கோல் வாங்கினோம்.
மூன்றும்
அட்சரம் பிசகாமல் கேட்டது.

படிக்கட்டில் கீழேயிருந்து அவன் குரல்:
"என்ன ஆச்சு?"

"செடி பூத்ததா?" என்றேன்.