பிளக் துடைத்த கூலி

பதினேழு தரம் உதைத்துவிட்டேன்.
லைசன்ஸ் எடுத்துப் பத்து நாள்,
கம்பெனி பைக் தந்து ஆறு நாள்.
முதலைக்குடாவில், திங்கட்கிழமை, நடுப்பகலில்,
தவணை கட்டாத ஒரு வீட்டு வேலியோரம்
இது செத்துக் கிடக்கிறது.

திறப்பைத் திருப்பினால் பச்சை விளக்கு எரிகிறது.
ஹோர்ன் அடிக்கிறது, நன்றாகவே அடிக்கிறது.
அந்தச் சத்தத்துக்குத்தான்
குழு இலக்கம் பதினாலு முழுவதும் வெளியே வந்தது.
எல்லோருடைய பெயரும் என் பையில் இருக்கிறது,
பெயருக்கு நேரே நிலுவையும்.

"எண்ணெய் இருக்கா மனே?"
இருக்கிறது என்றேன். நம்பவில்லை.
இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்து
வண்டியை ஆட்டி, டாங்கியில் காது வைத்தாள்.
களக் என்றது. பிள்ளையும் காது வைத்தது.
"அந்தச் சிவப்புச் சுவிச்சப் பாருகா."
சரியாகத்தான் இருந்தது.
"பெற்றோல் பூட்டு?"
அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.
டாங்கிக்குக் கீழே, என் இடது முழங்காலுக்குப் பக்கத்தில்,
ஆறு நாளாக என்னோடு பயணம் செய்திருக்கிறது.
திறந்துதான் இருந்தது.
"சோக் இழுத்த நீயா?"
இழுத்தேன். இழுத்து வைத்துத்தான் உதைத்தேன்,
பதினேழு தரமும்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
இந்த வெயிலுக்குள்ள நிண்ட பைக்குக்கு
சோக் இழுத்தானாம்.
சிரிப்பு வேலி தாண்டி
வாவிக்கரை வரைக்கும் போய் வந்தது.

அப்போதுதான் படலை திறந்தது.
பட்டியலில் முதலாம் பெயர். சி. புவனலோஜினி.
மூன்று தவணை.
சற்று முன் நான் கூப்பிட்டபோது
வீட்டில் இல்லாதவள்.

"குடிச்சு மூச்சு முட்டிக் கிடக்கு.
எண்ணெய் மணக்கல்லியா உனக்கு?"
மணந்தது.
பைக் என்றால் அப்படித்தான் மணக்கும் என்றிருந்தேன்.

மஞ்சள் துணியை அவிழ்த்தாள். உள்ளே பிளக் ஸ்பானர்,
வேறொன்றும் இல்லை.
தொப்பியைக் கழற்றி, பொருத்தி, ஒரு திருகல்.
வெளியே வந்தது: கறுத்து, நனைந்து,
மழையில் பிடிபட்ட கோழிக்குஞ்சு மாதிரி.
துடைத்தாள், ஊதினாள்,
தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கால் கரியைச் சுரண்டி
வேலிக்கல்லில் வெயிலுக்கு வைத்தாள்.
"இப்ப சோக்க விடு. அக்சிலேட்டர முழுக்க முறுக்கிப் பிடி.
சும்மா உதை. உள்ள நிக்கிறது போகட்டும்."
உதைத்தேன்.
துளைவழியே ஒரு இருமல், ஒரு புகைச்சல்.

ஸ்பானர் ஏது என்று கேட்டிருக்கக் கூடாது.
"லீசிங்காரர் எங்கட பைக்கத் தூக்கிட்டுப் போகக்குள்ள
இத மறந்துட்டாங்க.
அண்டைக்கு இது குசினிக்குள்ள கிடந்த."
அது எங்கள் கம்பெனி இல்லை என்று சொல்ல
வாயெடுத்தேன்.
சங்கிலியில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பிடுங்கினேன்.

பிளக் உள்ளே போனது. தொப்பி 'டிக்' என்றது.
எத்தனையாவது உதை என்று எண்ணவில்லை.
பிடித்தது!
பிள்ளை பயந்து அழுதது. நாய் குரைத்தது.
நான் மட்டும் உலகத்தை வென்றவன் போல
ஹெல்மெட்டைப் பின்முன்னாக மாட்டினேன்.

"கூலி இருநூறு."
பையில் ஒன்பதாயிரம், கம்பெனிக் காசு.
என் சட்டைப் பொக்கட்டில் நூறும் இல்லை.
"காரியமில்ல மனே. கிழமைக்கு இருவது கட்டு.
வட்டி இல்ல.
இவருக்கு ஆருகா பிணை?"
பிள்ளைக்காரி கை தூக்கினாள்.
எங்கள் சின்னம் போட்ட பாஸ் புத்தகத்தின்
கடைசிப் பக்கத்தில் என் பெயர் எழுதினாள்.
கையெழுத்து வைத்தேன், வழக்கமாக அவர்கள் வைக்கும் இடத்தில்.
மூன்று தவணையைப் பற்றி நான் பேசவில்லை.
அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

கிளச்சை விட்டதும் துள்ளி, நின்றது.
மெல்ல விடு, மெல்ல, என்றது முழு ஒழுங்கையும்.

அடுத்த வீட்டில் இஞ்சினை நிறுத்தவில்லை.
அந்த இரைச்சலுக்கு மேலாக
பெயரைக் கத்திக் கூப்பிட்டேன்.
வீட்டில ஒருத்தரும் இல்ல என்று
உள்ளேயிருந்து ஒரு குரல் சொன்னது.